கொத்துண்ட கோழி: எல்லைப்புறத் தமிழில் ஒரு காயத்தின் சொல் வரலாறு

கோழி வளர்ப்போர் அனைவரும் கண்டறிந்த காட்சி ஒன்று உண்டு. காலையில் கூட்டைத் திறக்கும்போது ஒரு பெட்டைக்கோழி மட்டும் வெளியே வராமல் மூலையில் ஒடுங்கி நிற்கும். முதுகிலோ வாலடியிலோ இறகு உதிர்ந்து, தோல் கிழிந்து, குருதி உறைந்திருக்கும். கீரியோ காட்டுப்பூனையோ கடித்ததன்று. உடன் அடைந்த கோழிகளே கொத்தியவை. அக்கோழியைப் பிழைக்க வைப்பது எவ்வாறு என்பது கால்நடை மருத்துவத்தின் கேள்வி. அதனைப் பிழைக்க வைக்கும் முறையை எச்சொற்களால் சொல்வது என்பது மொழியினர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய கேள்வி. இவ்விரண்டாம் கேள்வி கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையை ஒட்டிய பகுதிகளில் எவ்வாறு எழுகிறது என்பதையும், அதற்குப் பின்னால் உள்ள சொல் வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பொருள் சிறிது என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு குடும்பத்தின் கைச்செலவுக்கு முட்டை விற்ற காசே உதவும் வீடுகளில் அது சிறிதன்று. மேலும், மிக நெருங்கிய இரு மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்பு எங்கே இடறுகிறது என்பதைக் காண இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1. நிகண்டின் கோழியும் முற்றத்தின் கோழியும்

கோழி என்னும் சொல் திராவிட மொழிகளில் பரவலாக வழங்குவது. மலையாளத்தில் அவ்வடிவிலேயே நிற்கிறது. கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி, துளுவில் கோரி என வேறுபடுகிறது. தமிழில் அது ஆண், பெண் இரண்டற்கும் பொது. பால் வேறுபாடு காட்டத் தொல்காப்பிய மரபியல் தனிப்பெயர்கள் வகுக்கிறது. சேவல் என்பது மயில் நீங்கலாகச் சிறகுடையவற்றின் ஆணுக்கு உரியது. அளகு என்பது கோழி, கூகை முதலியவற்றின் பெண்ணுக்கு உரியது. அளகு இன்று வழக்கிறந்தது. பெடை என்பது தமிழில் இலக்கியச் சொல்லாகச் சுருங்க, மலையாளத்தில் பிட என்னும் வடிவில் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. தமிழ்ப் பேச்சில் நிற்பவை பெட்டையும், முட்டையிடத் தொடங்காத இளங்கோழியைக் குறிக்கும் விடையுமே. கொங்கு நாட்டார் வாயில் அது வெடை, வெடைக்கோழி.

நிகண்டுகள் கோழிக்கு வாரணம், குக்குடம், ஆண்டலை, காலாயுதம் முதலான பெயர்களைத் தருகின்றன. இவற்றுள் இறுதிப் பெயர் நம் கவனத்திற்குரியது. காலையே ஆயுதமாக உடையது என்பது அதன் பொருள். சேவலின் காலில் வளரும் முள்ளைக் கருதி வைத்த பெயர். நிகண்டு கண்ட கோழி போர்க்களத்தில் நிற்கும் ஆண்கோழி. புறப்பொருள் வெண்பாமாலை கோழிவென்றி என ஒரு துறையே வகுத்திருப்பதும், உறையூர் கோழி எனப் பெயர் பெற்றதற்கு யானையை எதிர்த்த கோழியின் கதை சொல்லப்படுவதும் அந்நோக்கின் தொடர்ச்சியே. வட தமிழகத்து அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் கிடைத்துள்ள பழைய நடுகற்கள் ஒருபடி மேலே செல்கின்றன. சேவற்போரில் பொருத கோழிகளுக்கே கல் நட்டு, அவை எச்சேரியைச் சார்ந்தவை என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தளூர்க் கல்லில் கோழியின் பெயரும் உள்ளது: பொற்கொற்றி.

போரிட்டு வீழ்ந்த சேவலுக்குக் கல்லும் எழுத்தும் கிடைத்தன. அதன் காயத்துக்குரிய மருத்துவமும் சேவற்கட்டினர் மரபில் பேணப்பட்டு வந்தது. கிழிந்த தோலை ஊசிநூலால் தைத்தல், இடைவேளையில் நீர் தெளித்துச் சூடு தணித்தல், போர் முடிந்தபின் மஞ்சள் பற்றிடுதல் ஆகிய யாவும் அம்மரபில் உள்ளவை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகும் அவ்வறிவு அழிந்துவிடவில்லை. ஆனால் இவையனைத்தும் சேவலுக்கு உரியவை. உடன் வாழும் கோழிகளால் அலகினால் கொத்தப்பட்டுக் கூட்டின் மூலையில் நிற்கும் பெட்டைக்கு நடுகல்லும் இல்லை, துறையும் இல்லை. அதன் பகையின் ஆயுதம் கால் அன்று, வாய்.

ஒரே ஒரு விதிவிலக்கு எனத்தக்கது குறுந்தொகையின் 305-ஆம் பாடல். அதனைப் பாடியவர் இயற்பெயர் மறைந்து, பாட்டில் வந்த உவமையாலேயே குப்பைக்கோழியார் என வழங்கப்பெறுகிறார். ஏவி விடுவாரும் இன்றி, இடைபுகுந்து விலக்குவாரும் இன்றிக் குப்பைமேட்டில் தாமே பொருது தாமே ஓயும் கோழிகளைத் தலைவியின் காமநோய்க்கு அவர் உவமையாக்கினார். சேவற்களத்துக்கு வெளியே, ஒருவரும் பாராத இடத்தில் நிகழும் கோழிச்சண்டையைக் கண்ட கண் அது. விலக்குவார் இல்லை என்பதே அவ்வுவமையின் உயிர். கொத்துண்ட கோழிக்குச் செய்யும் மருத்துவத்தின் முதற்படியும் விலக்குதலே என்பதைப் பின்னர்க் காண்போம்.

நாட்டார் வழக்கோ வேறு திசையில் நிற்கிறது. 'கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?' என்பது பழமொழி. தாய் மிதித்தால் பிள்ளைக்குக் கேடில்லை என்னும் பொருளில் மலையாளத்திலும் இதற்கு இணை உண்டு. தாயைப் பற்றிய அளவில் இது பொருந்தும். ஆனால் ஒரே கூட்டுக்குள் நேரும் தீங்கு தீங்கன்று என்னும் எண்ணத்தை இப்பழமொழி வளர்த்திருக்குமோ என ஐயுற இடமுண்டு. 'தானே சரியாகிவிடும்' என்று விடப்பட்ட கோழிகளே பெரும்பாலும் மறுநாள் இறந்து கிடக்கின்றன.

2. கொத்து என்னும் வினை

தமிழில் கொத்து என்னும் வினையின் பரப்பு பெரிது. கோழி இரையைக் கொத்துகிறது. மற்றொரு கோழியையும் கொத்துகிறது. பாம்பு கொத்துகிறது. உழவர் மண்வெட்டியால் நிலத்தைக் கொத்துகிறார். அம்மி கொத்துகிறார்கள். கல்லைக் கொத்துபவர் கொத்தனார் ஆனார். மலையாளத்திலும் கொத்துக என்னும் வினை இப்பரப்பு முழுவதையும் ஏறத்தாழ அப்படியே தழுவி நிற்கிறது: பறவையின் கொத்தும், பாம்பின் கடியும், சிற்பியின் கொத்துவேலையும் அங்கும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. கூரிய முனை ஒன்று மேலிருந்து இறங்கித் தாக்கி மீளும் செயல் என்பது இவற்றின் பொதுப்பொருள் எனலாம்.

இங்கே உலக அறிவியல் வரலாற்றை ஒரு கணம் தொட்டுச் செல்வது பயன் தரும். நார்வே நாட்டவரான தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே சிறுவனாக இருந்த காலந்தொட்டே வீட்டுக் கோழிகளை உற்றுநோக்கிக் குறிப்பெடுத்து வந்தவர். எக்கோழி எக்கோழியைக் கொத்துகிறது, எது திருப்பிக் கொத்தாமல் ஒதுங்குகிறது என்பவற்றை எழுதி வைத்து, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு படிநிலை இருப்பதைக் கண்டார். அவருடைய ஆய்வு 1922-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. அப்படிநிலைக்கு ஜெர்மனில் வழங்கும் பெயர் ஹாக்கோர்ட்னுங் என்பது. அதன் முற்பகுதியாகிய ஹாக்கன் என்னும் வினை மண்ணைக் கொத்துதல், விறகை வெட்டுதல், அலகால் கொத்துதல் ஆகிய மூன்றையும் குறிக்கும். நம் கொத்து என்பதன் பரப்போடு இது வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகிறது. ஆங்கிலம் இதனைப் பெற்றபோது பறவை அலகின் சிறு செயலைக் குறிக்கும் சொல்லைத் தேர்ந்தது. மண்வெட்டியும் கோடரியும் உதிர்ந்துவிட்டன. ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்தபோது அக்கருத்து அலுவலக அதிகாரப் படிநிலைக்கான உருவகமாக முன்னரே மெலிந்திருந்தது. ஜெர்மனிலிருந்து நேரே பெற்றிருந்தால் 'கொத்துமுறை' என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்போம். முறை என்பது ஒழுங்கையும் உறவையும் ஒருங்கே சுட்டும் சொல்லாதலின் மூலத்தைவிடச் சற்றுச் செறிவாகவே அது அமைந்திருக்கும்.

ஷெல்டெரூப்-எப்பே கண்டது, படிநிலை உறுதிப்பட்டபின் கொத்து குறைகிறது என்பதாகும். அது குலையும்போதே காயம் நேர்கிறது. புதுக்கோழியைக் கூட்டத்தில் விடுதல், நோயுற்ற கோழியைச் சில நாள் பிரித்துத் திரும்பச் சேர்த்தல், இடநெருக்கடி, தீனித் தொட்டி போதாமை ஆகியன குலைவுக்குக் காரணங்கள். இவற்றோடு தீனியில் புரதம், உப்பு, மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் ஆகியவற்றின் குறைவும், மிகுந்த வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். முட்டையிடும்போது எச்சத்துளையின் உட்தசை சிறிது பிதுங்கினால் அதன் செந்நிறம் மற்றக் கோழிகளை ஈர்க்கும். ஒன்று கொத்தும், குருதி தெரியும், பிறகு கூட்டம் முழுவதும் கொத்தும்.

3. எல்லையும் மருத்துவமனையும்

பாலக்காட்டுச் சிற்றூர் வட்டம் பழைய கொச்சி அரசின் ஒரு துண்டு நிலம். சுற்றிலும் சென்னை மாகாணப் பகுதிகள் இருந்தன. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பகுதிகளின் தமிழ், பொள்ளாச்சி, கோவை வட்டாரக் கொங்குத் தமிழோடு தொடர்ந்து செல்வது. நிலம் கிழக்கே சாயாமல் மேற்கே சாய்ந்தாலும் பேச்சு சாயவில்லை. 1956 நவம்பர் 1-இல் கேரளம் அமைந்தது. 1957-இல் பாலக்காடு தனி மாவட்டமாயிற்று.

இடுக்கியின் வரலாறு வேறு. மறையூர், காந்தளூர், வட்டவடை ஆகிய ஊர்களில் தமிழ்க்குடிகள் தோட்டங்களுக்கு முன்பே வேரூன்றியவர்கள். பூஞ்ஞாறு குடியினரிடமிருந்து 1877-இல் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றதன்பின் தேயிலைத் தோட்டங்கள் தோன்றின; மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் ஏறினர். ஏலமலைகளுக்குக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மக்கள் இன்றும் மலையேறி வருகின்றனர். மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழகத்தோடு சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. அப்பகுதிகள் கேரளத்திலேயே நின்று, 1972-இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தின் பகுதிகளாயின.

இதன் விளைவு மொழியியலார்க்குச் சுவையானது. சிற்றூர் வட்டத்துப் பெண் 'கோழியெக் கொத்திப் போட்டுது' என்பார்; மூணாறு லயத்துப் பெண் 'கொத்திப்புடுச்சு' என்பார். கொங்குத் துணைவினையும் மதுரைத் துணைவினையும் ஒரே மாநிலத்தின் கால்நடை மருத்துவமனை வாயிலில் நிற்கின்றன; உள்ளே மறுமொழி மலையாளத்தில் வருகிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும் தம் மொழியில் மறுமொழி பெறவும் வழி வகுத்தது. ஆனால் அடிபட்ட கோழியைக் கூடையில் தூக்கி வருபவர் மனு எழுதுவதில்லை. அவர்க்கு வேண்டுவது வாய்ச்சொல்லும், கையில் தரப்படும் ஒரு தாளும்.

இப்பகுதிகளில் வாழ்வோர் இருமொழியாளர். சந்தையிலும் பேருந்திலும் மலையாளத்தைக் காதால் கற்றவர். அவர்கள் எளிதில் ஏமாறுவதில்லை. ஏமாறுபவர் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரே. மலையாளத் தாளைத் தமிழாக்கும்போது இரு மொழியிலும் உருவொத்த சொல் கிடைத்தால் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு மேலே செல்லும் சோம்பல் நம்மிடம் உண்டு. இக்கட்டுரையாளரும் அதற்கு விலக்கல்லர்.

4. ஒரு தாளின் ஆறு சொற்கள்

கொத்துண்ட கோழிக்குச் செய்யவேண்டுவன யாவை என்பதை வரிசையாகச் சொல்லிக்கொண்டே அச்சொற்களைக் காண்போம்.

முதலாவது, காயம்பட்ட கோழியை உடனே கூட்டத்திலிருந்து பிரிக்கவேண்டும். மலையாளத்தில் இது 'மாற்றுக' எனப்படும். அங்கே அவ்வினை ஓரிடத்திலிருந்து அகற்றி வேறிடத்தில் வைத்தலைக் குறிக்கும். தமிழில் மாற்று என்பதன் முதற்பொருள் ஒன்றைக் கொடுத்து வேறொன்று கொள்ளுதல். 'கோழியை உடனே மாற்றவும்' என்று அச்சிட்டால் தமிழர் அதனை விற்றுவிட்டு வேறு கோழி வாங்கச் சொல்கிறார்கள் எனக் கொள்வர். அவ்வாறு விற்ற கோழி கறிக்கே செல்லும். இங்குத் தமிழுக்குரிய வினை விலக்கு என்பதே. சண்டையை விலக்கிவிடுதல் என்று நாள்தோறும் வழங்குவது. குப்பைக்கோழியார் உவமையின் உட்கிடையும் அதுவே. 'கோழியை விலக்கித் தனியே வையுங்கள்' என்பது எவர்க்கும் விளங்கும். கவிழ்க்க ஒரு பஞ்சாரமோ பழைய கூடையோ போதும். அது மற்றக் கோழிகளின் குரல் கேட்கும் தொலைவில் இருப்பது நல்லது. அதன் காரணத்தை இறுதியில் கூறுவோம்.

இரண்டாவது சொல்லே மிகுந்த இடர் உடையது. மலையாளத்தில் காயத்துக்குப் பொதுச்சொல் 'முறிவு'. தமிழில் முறிவு எலும்புக்கு உரியது. முறி என்னும் வேர் இரண்டற்கும் ஒன்றே. இரண்டாகப் பிளவுபடுதல் அதன் பொருள். தமிழ் அதனைக் கடினப் பொருளின் பிளவுக்கு ஒதுக்கிக்கொண்டது; மலையாளம் தோலின் பிளவுக்கும் விரித்து, எலும்புக்கு ஒடிவு என்பதை வைத்துக்கொண்டது. 'முறிவைக் கழுவி மருந்திடவும்' என்று தமிழில் எழுதினால் வாசிப்பவர் கோழியின் காலைத் தடவிப் பார்ப்பார். மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டவும் முற்படுவார். முதுகுப் புண் திறந்தே கிடக்கும். இது வெறும் கற்பனை அன்று. ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கியபோது இக்கட்டுரையாளர் இச்சொல்லை அப்படியே விட்டுவைத்தார். மெய்ப்புத் திருத்திய எல்லைப்புற ஆசிரியர் ஒருவர் ஓரத்தில் 'எந்தக் கால்?' என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

தமிழில் இதற்குப் புண் என்பதா, காயம் என்பதா? புண் என்பது தமிழில் புதிய வெட்டையும் நாட்பட்ட ரணத்தையும் தழுவும். மலையாளத்தில் புண்ணு நாட்பட்டதன் பக்கமே சாயும். காயம் என்பது இன்றைய பேச்சில் புதிய அடியை உடனே உணர்த்துவது. முதல்நாள் காயம், கவனியாது விட்டால் புண் என்னும் பாகுபாடு வீட்டு வழக்கிலேயே இருக்கிறது. ஆகவே கொத்துக்காயம் என்னும் தொடரை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.

காயத்தை இளஞ்சூடான உப்புநீரால், அல்லது இளஞ்சிவப்பாகத் தோன்றும் அளவுக்கு மிகச் சிறிது பொட்டாசியம் பர்மாங்கனேட் கலந்த நீரால் கழுவவேண்டும். ஒட்டியுள்ள இறகுகளைக் கத்தரித்தல் வேண்டும், பிடுங்கலாகாது. குருதி வடிந்தால் தூய துணியால் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். இவ்விடத்தில் மலையாளத்துச் 'சோர' என்பது தமிழ் இலக்கியங்களில் பயிலும் சோரியின் உறவு. பேச்சுத் தமிழுக்கு அது அயலாகிவிட்டது. தாளில் ரத்தம் என்று எழுதுவதே தகும்.

மூன்றாவது சொல் 'பழுப்பு'. மலையாளத்தில் சீழ், தமிழில் ஒரு நிறம். 'பழுப்பு இருந்தால்' என்னும் மலையாளத் தொடரை எழுத்து மாற்றி வைத்தால் தமிழர் பழுப்புநிறக் கோழியைப் பற்றிய செய்தி என எண்ணுவர். தமிழிலும் 'புண் பழுத்துவிட்டது' என்னும் வினைவழக்கு உண்டு என்பதனால் உறவு தெளிவு. பெயர்ச்சொல்லாக மட்டும் அது வழி பிரிந்துவிட்டது. சீழ் என எழுதலாம். எல்லைப்புறப் பேச்சில் சலம் என்பதும் விளங்கும்; அது மலையாளத்திலும் உள்ளது.

அடுத்து மருந்து. மஞ்சள்தூளை வேப்பெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ குழைத்துப் பூசுதல் இரு மொழியினர்க்கும் பொது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்து எண்ணெயில் காய்ச்சிப் பூசும் முறையைத் தமிழகத்தின் மரபுவழிக் கால்நடை மருத்துவம் எல்லாக் கால்நடைப் புண்ணுக்கும் கூறுகிறது. மருத்துவமனைகளில் ஜென்ஷியன் வயலெட் என்னும் ஊதா மருந்து தடவுவது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. அதன் பயன் கிருமியைக் கொல்லுதல் மட்டுமன்று. காயத்தின் செந்நிறத்தை மறைப்பதும் ஆகும். கரியும் சாம்பலும் அப்பிய பாட்டிமார் தூய்மையில் தவறினாலும் நிறத்தை மறைப்பதில் தவறவில்லை.

ஈ மொய்த்த காயத்தில் மழைக்காலத்தில் ஓரிரு நாளில் புழு தோன்றும். தமிழில் 'புழு வைத்துவிட்டது' என்கிறோம், மலையாளத்தில் 'புழு அரித்தல்'. தமிழ்த்தொடர் ஈயின் செயலையும், மலையாளத்தொடர் புழுவின் செயலையும் நோக்குகின்றன. தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்து ஊற்றினால் புழுக்கள் வெளியே வரும், இடுக்கியால் எடுத்துவிடலாம். சீத்தாப்பழ இலைச்சாறும் இதற்கு வழங்குகிறது. ஆழமான காயத்துக்கும் பிதுங்கிய எச்சத்துளைக்கும் வீட்டு மருத்துவம் போதாது. மருத்துவரிடம் கொண்டுசெல்வதே முறை.

நான்காவது சொல் 'உணங்குக'. மலையாளத்தில் காயம் உணங்குகிறது, அதாவது உலர்கிறது. தமிழில் புண் ஆறுகிறது. அதாவது தணிந்து குளிர்கிறது. உணங்கல் தமிழிலும் பழஞ்சொல்லே. வெயிலில் உலர வைத்த தானியத்தைக் குறிக்கும். குணமாதலைத் தமிழ் வெப்பத்தின் நீக்கமாகவும் மலையாளம் ஈரத்தின் நீக்கமாகவும் கண்டன எனலாம். ஆறும் வரை எண்ணெய் பூசவேண்டும் என்று தமிழர்க்குத் தோன்றுவதற்கும், உணங்கும் வரை தூள் தூவவேண்டும் என்று மலையாளிக்குத் தோன்றுவதற்கும் இச்சொற்கள் எவ்வளவு காரணம் என்பது மேலும் ஆராயத்தக்கது. தாளில் 'புண் ஆறும் வரை' என்று எழுதினால் போதும்.

ஐந்தாவது, 'கொக்கு'. மலையாளத்தில் இது பறவையின் அலகையும் குறிக்கும், நீர்ப்பறவையையும் குறிக்கும். தமிழில் பறவையை மட்டுமே. பேச்சுத் தமிழில் கோழிக்கு அலகும் மூக்குத்தான். நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் கொத்தைத் தவிர்க்கக் குஞ்சுப் பருவத்தில், ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாளில், அலகின் நுனியைச் சூடான தகட்டால் நீக்குகிறார்கள். வளர்பருவத்தில் மீண்டும் ஒருமுறை செய்வதும் உண்டு. கூண்டில் நெருங்கி வாழும் கோழிக்கு இது. முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழிக்கு வேண்டாதது. அலகு குறைந்த கோழி புல்லையும் புழுவையும் பொறுக்கமுடியாது துன்புறும். பண்ணைக்கான அறிவுரையை முற்றத்துக்கும் சேர்த்து மொழிபெயர்ப்பது சொற்பிழையினும் பெரிய பிழை.

5. தன்னினம் தின்னல்

மேற்கூறியவை அண்டை மொழியால் வரும் இடர்கள். ஆங்கிலத்திலிருந்து வரும் இடர் ஒன்றும் உளது; அதுவே ஆறாவது சொல். கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் குருதி காணும் நிலையை ஆங்கில நூல்கள் மனிதன் மனிதனைத் தின்பதற்கு வழங்கும் சொல்லாலேயே குறிக்கின்றன. அச்சொல் தமிழில் தன்னினம் தின்னல் என்றும் அதுபோன்ற தொடர்களாலும் பெயர்க்கப்படுகிறது. அறிவியல் நூலில் இதற்குக் குற்றமில்லை. ஆனால் வீட்டுக்குச் செல்லும் தாளில் இத்தொடர் இரு தீங்கு செய்கிறது. ஒன்று, கொத்துபவை கெட்டுப்போன கோழிகள், அறுக்கத்தக்கவை என்னும் எண்ணத்தை விளைக்கிறது. மற்றொன்று, தின்னுதல் என்றதும் பசி என்று கொண்டு, தீனியை மட்டும் கூட்டிவிட்டு இடநெருக்கடியை மறக்கச் செய்கிறது. லயத்துப் பின்புறத்தில் பலகையடித்த சிறு பெட்டியில் பத்துக் கோழிகள் அடையும்போது தீனி எவ்வளவு இட்டாலும் கொத்து நிற்பதில்லை. கொத்திக்கொள்ளுதல் என்னும் எளிய தொடரில் 'கொள்' என்னும் துணைவினை ஒன்றையொன்று என்பதைச் சேர்த்தே உணர்த்துகிறது. தமிழ் இலக்கணம் இலவசமாகத் தரும் இவ்வசதியை விட்டு நாம் ஏன் தின்னலுக்குச் செல்லவேண்டும்?

இனி, கோழியைத் திரும்பக் கூட்டத்தில் விடுதல். இதுவே மருத்துவத்தின் கடினமான பகுதி. பெரும்பாலான தாள்களில் விடுபட்டுப்போவதும் இதுவே. சில நாள் தனித்திருந்த கோழி, ஷெல்டெரூப்-எப்பே காட்டியபடி, தன் படியை இழந்து புதியவளாகத் திரும்புகிறது. குரல் கேட்கும் தொலைவில் வைக்கவேண்டும் என முன்னர்க் கூறியது இதனால்தான். காயம் முற்றிலும் மூடிப் புதிய இறகுக்குருத்து தோன்றிய பின்னர், கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால் மற்றவை காணுமாறு இரண்டு மூன்று நாள் வைத்து, பிறகு இருட்டியபின் கூட்டில் விடவேண்டும். இயன்றால் சாதுவான வேறொரு கோழியையும் உடன் பிரித்து வைத்திருந்து இரண்டையும் ஒன்றாக விடுவது நன்று. கொத்து ஒன்றின்மேல் மட்டும் விழாது. காலையில் எல்லாவற்றுக்கும் முன்னால் எழுந்து கூட்டைத் திறந்து, தீனியை ஓரிடத்தில் குவிக்காமல் பல இடத்தில் சிதற விடவேண்டும். இச்செயலுக்கு மலையாளத்தில் 'சேர்க்குக', தமிழில் 'சேர்த்தல்'. இச்சொல்லை எழுத்து மாற்றி வைத்தாலும் பிழையில்லை. கொழிஞ்சாம்பாறையிலும் குமுளியிலும் அது ஒன்றுபோலவே விளங்கும்.